காத்துக்காரம்மா

ரயில்வே ஸ்டேஷனில் என் அண்ணியை யாருக்கும் பெயர் சொல்லித் தெரியாது. காத்துக்காரம்மா என்று கேட்டால் போர்ட்டர் முதல் மேனேஜர் வரை எல்லோரும் கை நீட்டி வழி காட்டுவார்கள். பெயர் வைத்தவர் ஹாலைப் பெருக்குகிற பெரியவர். மூன்று காலில் நிற்கிற ஒரு பெட்டியை அண்ணி ஹாலின் நடுவில் நிறுத்தி முதன்முதலாக ஓடவிட்டபோது, அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அருகில் வந்தார். "என்னம்மா, காத்து கருப்பு எதாவது ஓட்டறீங்களா?" என்று கேட்டார். "ஓட்டலைங்க, புடிக்கறேன்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அதே ஹாலில் விசாரணை கவுண்டரில் உட்காருகிறவள். எந்த பிளாட்பாரம், எத்தனை மணி, கழிப்பறை எங்கே என்று நாள் முழுக்க ஊரே என்னைக் கேட்கும். தலைக்கு மேலே போர்டு எரிந்துகொண்டே இருந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கிறது என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அண்ணிக்கு இந்த வேலை காலியாக இருப்பதைச் சொன்னதே நான்தான். அதனால் அந்த வேலையில் வந்த நல்லது கெட்டது எல்லாவற்றிலும் எனக்கும் பங்கு உண்டு என்பது எங்கள் அம்மாவின் கட்சி.

அந்தப் பெட்டி செய்வது பெரிய மாயம் இல்லை. நாம் மூச்சு இழுப்பது மாதிரி அதுவும் ஹாலின் காற்றை இழுக்கும். ஆனால் விடாமல் இழுக்கும். உள்ளே ஒரு வெள்ளை ஃபில்டர் இருக்கும். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. இத்தனை ஆயிரம் பேர் பேசி, இருமி, தும்மி, கொட்டாவி விட்டதில் மிதப்பது எல்லாம் அதில் வந்து படியும். அதை எடுத்துக்கொண்டு போய் மாடியில் இருக்கிற லேபில் கொடுத்தால், அதில் நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். யார் மூச்சிலிருந்து வந்தது என்று பெட்டிக்குத் தெரியாது. இந்த ஹாலில் இன்றைக்கு இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் சொல்லும். இருக்கிறது என்றால் பெரிய கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, கூரை விசிறிகளை முழு வேகத்தில் ஓட்டி, முகக்கவசம் போடச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்துவார்கள்.

ஹால் முழுக்க இப்படி ஆறு பெட்டிகள். நம் ஜனங்கள் அவற்றைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை. எடை பார்க்கிற மெஷின் என்று நினைத்துக் காசு போட இடம் தேடுவார் ஒருவர். போனுக்கு சார்ஜ் ஏறுமா என்று ஒயரோடு சுற்றி வருவார் இன்னொருவர். ஒரு அம்மா குடையை அதன் மேல் மாட்டிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள். குடை காற்றை அடைத்து, பெட்டி திணறி, சிவப்பு விளக்கு எரிந்து, ஏதோ பெரிய ஆபத்து என்று மேனேஜர் ஓடி வந்தார். அண்ணி மெதுவாக நடந்து வந்து குடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

இயல்பில் அண்ணி வாய் ஓயாதவள். பேச ஆள் கிடைக்காவிட்டால் பெட்டியோடு பேசுவாள். அவளுக்குக் கிடைத்த வேலையின் முதல் விதி என்ன தெரியுமா? ஃபில்டர் மூடி திறந்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. மாற்றுகிறவரின் மூச்சு ஃபில்டரில் பட்டால், ஹாலின் காற்றுக்குப் பதில் அவருடைய காற்றைச் சோதித்த மாதிரி ஆகிவிடும். அதனால் முகக்கவசத்தை மூக்கு வரை இழுத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, இடுக்கியால் பழையதை எடுத்துக் குப்பியில் போட்டு, புதியதை வைத்து, மூடியைத் திருகுவாள். அந்த நேரத்தில் யாராவது வந்து வழி கேட்டால் கண்ணாலேயே என் கவுண்டரைக் காட்டுவாள். மூடியை மூடியதும், அடக்கி வைத்த பேச்செல்லாம் மடை திறந்தது போல வந்துவிடும்.

ஆறு ஃபில்டரோடு ஏழாவதாக ஒன்றும் ஐஸ் பெட்டியில் போகும். அதற்கு வெறும் ஃபில்டர் என்று பெயர். அதை எந்தப் பெட்டியிலும் வைக்க மாட்டார்கள். ஹாலுக்கு எடுத்து வந்து, ஒரு இடத்தில் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மூடி, மற்றவற்றோடு லேபுக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். எதையும் இழுக்காத ஃபில்டரில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், எடுத்து வருகிற கையிலோ வழியிலோ கோளாறு என்று அர்த்தம். அண்ணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அது சுத்தமாகவே வந்தது. டிக்கெட் எடுக்காமல் ஊர் சுற்றிவிட்டு வருகிற பயணி என்று போர்ட்டர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள்.

அண்ணி அதைத் திறக்கிற இடம் என் கவுண்டர் பலகை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், மற்ற ஆறுக்கும் காட்டுகிற மரியாதையை அவள் இதற்குக் காட்டியதில்லை. இதுதான் எதையும் இழுக்கப் போவதில்லையே! ஒரு சுற்று முடிந்து களைப்பாக வந்து நிற்பாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுவாள். வெறும் ஃபில்டரைத் திறந்து பலகையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே குனிந்து என்னோடு கதை பேசுவாள். நானும் கண்ணாடியில் இருக்கிற ஓட்டை வழியாக ம் கொட்டுவேன். இதற்கும் அதே விதிதான் என்று லேப் மேடம் சொல்லித்தான் கொடுத்திருந்தார். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேசுவது பெரும்பாலும் என் அண்ணனைப் பற்றித்தான் இருக்கும்.

அண்ணன் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவன் என்று எழுத இன்னும் எனக்கு மனசு வரவில்லை. அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் அண்ணி. கூடப் பிறந்த நான் சோதனைக்குப் போய்ப் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தேன். எங்கிருந்தோ கல்யாணமாகி வந்தவளுக்குப் பொருந்தியது. "வாடகைக்குத்தான் குடுத்திருக்கேன், சாமானை ஒழுங்கா வெச்சுக்கணும்" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்துகொண்டே சிரித்தாள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அண்ணன் காலம் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவலையே தூங்க வைக்கிற மாத்திரை. நமக்கெல்லாம் சளியாக வந்து போவது அவனுக்கு நெஞ்சில் இறங்கினால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அண்ணி கண்கொத்திப் பாம்பாக அவனைக் காத்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பு வெளியே, துணி நேராக வாளிக்குள், தலையோடு குளியல், அப்புறம்தான் அவன் முகத்திலேயே விழிப்பாள். வீட்டுக்குள்ளும் அவன் அருகே போனால் முகக்கவசம். சாப்பாடு தனித்தனி மேஜையில், ஜன்னல் திறந்தபடி. படுக்கையும் தனித்தனி அறையில். ராத்திரியில் மட்டும் கவசத்தை அவிழ்த்துவிட்டு, நடுவில் கதவைத் திறந்து வைத்துப் படுத்தபடியே பேசுவார்கள். வாசல்படி தாண்ட அவனுக்கு அனுமதி இல்லை. பார்க்க வருகிற கூட்டாளிகள் கேட்டுக்கு வெளியே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். போகப் போக அவர்களும் வருவது குறைந்தது. கேட்டில் நின்று எவ்வளவு நேரம்தான் கத்திப் பேசுவது?

பக்கத்து ஊரில் அக்காவோடு இருக்கிற எங்கள் அம்மா போனில் ஒரே பல்லவிதான் பாடுவாள். "ஊர்ல இருக்கற சீக்கெல்லாம் வந்து போற இடத்துல போய் வேலை பாக்கறாளே. என் புள்ளைக்கு எதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" அண்ணி அதற்கு ஒரு முறை கூடக் கோபப்பட்டதில்லை. ஏனென்றால் அவளுக்கும் அதே பயம்தான். தன் உடம்பிலேயே நோயைச் சுமந்துகொண்டு போய்த் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். ஆனால் வேலையை விட்டால் மாத்திரை யார் வாங்குவது? ஹாலின் காற்றில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிவதே அவளுக்கு ஒரு தைரியம். முடிவு மோசமாக வருகிற நாளில் வீட்டுக்கே போகாமல் என் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள்.

அப்படி இருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. விடுமுறை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம், ஹாலில் எள் விழ இடமில்லை. குழந்தைகள் அழுவதும் பெரியவர்கள் இருமுவதுமாக ஒரே இரைச்சல். நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணி வழக்கம் போலச் சுற்றை முடித்து என் பலகைக்கு வந்தாள். ஃபில்டரைத் திறந்து வைத்துவிட்டு, "இன்னைக்குக் கண்டிப்பா எதாவது மாட்டும் பாரு. நைட்டு உன் ரூம்லதான்" என்றாள். அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஏதோ மந்தமாக இருக்கிறான், ஜன்னலோரம் உட்கார்ந்தே ஆள் சோர்ந்துபோகிறான் என்றெல்லாம் சொன்னாள். பிறகு மூடியைத் திருகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

சாயங்காலம் லேப் மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அண்ணி என்னையும் மேலே வரச் சொன்னாள். கவுண்டரை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டுப் போனேன். லேப் மேடம் முகத்தில் ஒரே குழப்பம்.

"ஹால் ஃபில்டர் ஆறும் சுத்தம். இவ்வளவு கூட்டத்துக்கு நானே எதிர்பார்க்கலை. ஆனா வெறும் ஃபில்டர்ல இருக்கு. மாத்தி வெச்சுட்டமோன்னு ரெண்டாவது தடவையும் ஓட்டிப் பாத்துட்டேன். அதுலதான் இருக்கு, அதுவும் நல்லாவே இருக்கு."

"மெஷின்ல கோளாறா இருக்கும் மேடம்" என்றேன் நான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அண்ணி தன் முகக்கவசத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வாய் ஓயாதவள் அப்படி நின்றதைப் பார்த்தபோதுதான் இது மெஷின் கோளாறு இல்லை என்று எனக்குப் பட்டது.

"இதைத் திறக்கும்போது பேசினீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"தினமும் பேசுவேன் மேடம். மாஸ்க்கையும் இறக்கிடுவேன்."

மேடம் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். பாதியில் அவருக்கும் விஷயம் உறைத்துவிட்டது. அந்தப் பலகையில் அந்த ஃபில்டரின் மேல் மூச்சு விட்டது இரண்டே பேர், அண்ணியும் நானும். அங்கேயே உட்கார வைத்து இருவர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார். அது நானாக இருக்கட்டும், நானாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தால் நாலு நாள் படுத்து எழுந்துவிடுவேன். எனக்கு இல்லை என்று வந்தது. அண்ணிக்கு இருந்தது.

ஒரு தும்மல் கிடையாது அவளுக்கு. உடம்பு சுடவும் இல்லை. "எனக்கு ஒண்ணுமே இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அப்புறம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து அவருக்குக் கால் அமுக்கி விட்டேன். ரொம்ப நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். குடுத்துட்டேன். நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். அவனைப் பார்க்கிற டாக்டருக்குப் பேசி, நோய் முற்றுவதற்கு முன்னால் கொடுக்கிற மருந்தை எடுத்து வைக்கச் சொன்னாள். "நீ போய் அவரைக் கூட்டிட்டுப் போ. நான் பக்கத்துல வரக் கூடாது" என்று என்னைத் துரத்தினாள். ஹால் வழியாக ஓடும்போது ஒருவர் என்னை நிறுத்தி எந்த பிளாட்பாரம் என்று கேட்டார். போர்டைப் பாருய்யா என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கும் இருக்கிறது என்று சொன்னார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா தொண்டை இப்படி இருக்கு?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "கொஞ்ச நாளா கரகரன்னு இருக்கு டாக்டர். ராத்திரியில லேசா காயும். வெந்நீர் குடிச்சுச் சமாளிச்சேன்."

"வீட்ல சொல்லலியா?"

"சொல்லலை."

டாக்டர் நர்ஸிடம் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "இவருக்குத்தான் முதல்ல வந்திருக்கு. இவர்கிட்டருந்துதான் உங்க அண்ணிக்குப் போயிருக்கணும். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தா இந்த மருந்துக்குப் பலனே இருந்திருக்காது."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆறு பெட்டியும் சுத்தம் என்று சொன்ன அந்த ஹாலைத்தான் இத்தனை காலமும் எல்லோரும் கரித்துக்கொட்டினோம். "அங்க அண்ணி தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கறாங்கடா! எங்கருந்துடா புடிச்ச இதை?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அண்ணனை நான் டா போட்டுக் கூப்பிட்டது வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

"டிப்போவுக்குப் போனேன்" என்றான்.

அண்ணி வேலைக்குக் கிளம்பிய பிறகு, அவன் பஸ் டிப்போவுக்கு நடந்தே போயிருக்கிறான். டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறையில் பழைய கூட்டாளிகளோடு மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, அவள் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவானாம். ஒரு நாள் இல்லை. பல நாள். அவர்களில் ஒருவர் இருமிக்கொண்டுதான் இருந்தாராம். எழுந்து வர மனசு வரவில்லையாம்.

அன்று இரவே அண்ணிக்கும் காய்ச்சல் வந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் தனி அறையில்தான் போட்டார்கள். அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, ஆக்ஸிஜன் வைத்து, டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போன நாட்கள் அவை. நான் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் பெஞ்சில் கிடந்தேன். அம்மா போன் செய்தபோது, நோய் எங்கிருந்து எங்கே போனது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பிறகு, "அவ எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அம்மா அவளை நலம் விசாரித்து நான் கேட்டதே இல்லை.

அண்ணிக்கும் உண்மையைச் சொன்னேன். பழி நீங்கியது என்று அவள் நிம்மதியடைவாள் என எதிர்பார்த்தேன். "டிப்போவுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மருந்து மெல்லப் பிடித்தது. ஒரு காலையில் அண்ணன் குழாய் இல்லாமல் மூச்சு விட்டான், பசிக்கிறது என்றான். பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணியும் அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். இருவருக்கும் ஒரே நோய்தான், இனி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வர ஒன்றும் இல்லை, ஒரே அறையில் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அண்ணி அவன் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். முகத்தில் கவசம் இல்லை. ஒரே தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்து அவனும் தின்றான், அவளும் தின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றாள்.

"சொன்னா விட்டிருப்பியா?"

அண்ணி கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"விட்டிருக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலை மடக்கி, கட்டிலில் இன்னும் உள்ளே தள்ளி நன்றாக உட்கார்ந்தாள்.

"சரி, யார் யாரெல்லாம் இருந்தாங்க அங்க? என்ன பேசினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் சொல்லத் தொடங்கினான். அவ்வளவு பேசுகிற என் அண்ணி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.